ஒரே நாளில் கன்னியாகுமரி

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. மலர்க் குழுவின் வேண்டுகோளுக்கு இணங்க, கூடியமட்டும் பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



காலையில் டீ குடிக்கும்போதே ஒரு தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறிவிட்டது. அடுத்த சந்திப்பு கன்னியாகுமரியில். சென்னையில் இருக்கிற நாம் பதினாறு பேர் நான்கு கார்களில் விடியற்காலை புறப்பட்டு, ஒரே பகலில் தமிழ்நாட்டை மேலிருந்து கீழ்வரை கடந்து, சாயங்காலம் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பயணத்திட்டம் போட்டுத் தரும் பொறுப்பைச் செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். “நீங்க அனுபவசாலி சார், ஏற்கெனவே போயிருக்கீங்க” என்றார். அந்த அனுபவம் எப்படிப்பட்டது என்று அவருக்கு முழுசாகத் தெரியாது. உங்களில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து கீழ் என்றால், சட்டப்படி கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திர எல்லையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தூரம் இன்னும் கூட வரும். தாம்பரத்திலிருந்தே புறப்படுவோம், யாரும் கேஸ் போட மாட்டார்கள். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர், மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு, கன்னியாகுமரி. மொத்தம் 700 கிலோமீட்டர் வாக்கில். முழுக்க நான்கு வழிச் சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகலாமே என்று ஒருவர் கேட்டார். அழகான வழிதான், ஆனால் இன்னும் நீளம். ஒரு நாளில் முடிக்கிற வேலை இல்லை.

நம் காலத்தில் இந்த ஊர்ப் பெயர்களெல்லாம் நமக்கு மனப்பாடம். திருவள்ளுவர் பஸ் ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து புகுந்து போகும். விழுப்புரத்தில் டீ, திருச்சி வரும்போது நடுநிசி, கண்ணை மூடிக்கொண்டே வாசனையை வைத்து ஊரைச் சொல்லலாம். இப்போது புறவழிச் சாலைகள் வந்த பிறகு ஒரு ஊருக்குள்ளும் நுழையாமலே மாநிலத்தைக் கடந்துவிடலாம். திருச்சியில் கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டும்போது மலைக்கோட்டை தூரத்தில் தெரியும். அவ்வளவுதான் திருச்சி. மதுரையில் அதுவும் இல்லை. வேகம் கிடைத்தது. விழித்திருக்க வைத்த விஷயங்கள் போய்விட்டன. இதை நான் ரசனைக்காகச் சொல்லவில்லை. வளைவு இல்லாத, குழி இல்லாத, ஊர் இல்லாத சாலையில் ஒருவன் மூன்று மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

700ஐ 90ஆல் வகுத்தால் எட்டு மணி நேரம்கூட வரவில்லை. எல்லோரும் பண்ணுகிற கணக்கு இதுதான். நானும் பண்ணினேன். மீட்டரில் 90 காட்டும், நிஜம்தான். ஆனால் வண்டலூர்ப் பக்கம் நெரிசல், பரனூரிலிருந்து நாங்குநேரி வரை பத்துக்கும் மேற்பட்ட சுங்கச்சாவடிகள், எங்கேயாவது நடக்கிற மேம்பால வேலை, எதிர்த்திசையில் தைரியமாக வருகிற மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் சேர்த்தால், வண்டி ஓடுகிற நேரத்தில்கூடச் சராசரி 60தான் தேறும். அதன்படி ஓட்டம் மட்டுமே பன்னிரண்டு மணி நேரம். காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டு டீ, நம் வயசுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயமாக இறங்கவேண்டிய காரணம் (சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் உண்டு) இவற்றுக்கெல்லாம் எங்கே நேரம் வைப்பது?

இப்போது 2016 டிசம்பருக்கு வருகிறேன்.

நானும், நம் ஹாஸ்டலில் ‘கடிகாரம்’ என்று பெயர் வாங்கியவனும் ஒரே காரில் போவதாக ஏற்பாடு. மெஸ் மணி அடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் தட்டோடு நிற்பானே, அவனேதான். எங்கள் வீட்டுக்காரம்மாக்கள் இருவரும் முதல்நாள் சாயங்காலமே எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார்கள், புத்திசாலிகள். நான் பேங்கில் இருந்தவன், எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஃபுல்ஸ்கேப் தாளில் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு கட்டம். நாலு மணிக்குத் தாம்பரம், எட்டே முக்காலுக்குத் திருச்சி, பதினொன்றுக்கு மதுரை, சாயங்காலம் ஐந்துக்குள் கன்னியாகுமரி. டிசம்பரில் அங்கே ஆறு மணி ஐந்து நிமிஷம் வாக்கில் அஸ்தமனம். குளிர் மாதங்களில்தான் சூரியன் அங்கே கடலுக்குள் இறங்கும், கோடையில் நிலத்துப் பக்கம் ஒதுங்கிவிடும். அதனால் அந்த ஆறு ஐந்தைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தேன். தூங்குவதற்கு மட்டும் அந்தத் தாளில் ஒரு கட்டமும் இல்லை. முதல் நாள் ராத்திரி பெட்டி கட்டி, டயர் காற்றுப் பார்த்து, பிஸ்கட் வாங்கிப் படுத்தபோது மணி ஒன்று.

500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மறுமாதம் அது. ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் சில்லறைக்காக நீள வரிசை. திருச்சிக்கே மணி பத்து. மதுரை பன்னிரண்டரை. விருதுநகரில் ஒன்றரை மணிக்குப் பரோட்டா. அந்த ஊர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நான் நாலு சாப்பிட்டேன். கடிகாரம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டான். இரண்டு இருபதுக்கு மறுபடி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். “நான் ஓட்டறேன்டா” என்றான். கொடுக்கவில்லை. புதுக் கார், என் கார்.

சாத்தூர் தாண்டும்போது கேட்டான்: “ஏல, கண்ணு சொருகுதா?”

“இல்லல.”

“அஞ்சு நிமிசம் நிப்பாட்டுல. மூஞ்சியக் கழுவிட்டுப் போவோம்.”

“கோவில்பட்டியில நிறுத்தறேன். இப்பவே லேட்டு. சன்செட் போயிரும்.”

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர்தான். அந்த இருபதை நான் ஓட்டி முடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கார் சாலையை விட்டு இறங்கி, ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இடது பக்கமாக மோதி நின்றிருந்தது. எனக்கு உதட்டில் ஒரு வெட்டு. அவனுக்கு இடது முழங்கால் சில்லு உடைந்திருந்தது. பக்கத்துக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நாலு பேர் ஓடிவந்து கதவை நெம்பி எடுத்தார்கள். ஒரு அம்மா தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் காலைச் சுற்றிக் கட்டினார். 108 ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு ஆபரேஷன். கல்லூரிப் பூப்பந்து டீமில் சென்டரில் நின்று ஆடியவன் இன்றைக்குக் கம்பு ஊன்றி நடக்கிறான் என்றால், அதற்குக் காரணம் வயசு இல்லை.

உங்கள் எல்லோரிடமும் நான் என்ன சொன்னேன்? நாய் குறுக்கே வந்தது என்று சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி கேட்டபோது முதலில் வாயில் வந்தது அதுதான். அப்புறம் அதையே பிடித்துக்கொண்டேன். நம் குரூப்பில் எத்தனை பேர் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள், தெருநாய்த் தொல்லையைப் பற்றி ஒரு வாரம் விவாதமே நடந்தது. சாத்தூர் வட்டார நாய்களுக்கு நான் செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. நாய் எதுவும் வரவில்லை நண்பர்களே. நான் தூங்கிவிட்டேன்.

கடிகாரத்திடம் யார் கேட்டாலும் அவனும் “நாய்தான்” என்றே சொல்லிவந்தான். தனியாக இருந்த நேரத்தில்கூட அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏழு வருஷம் நானும் பேசவில்லை. 2024 பிப்ரவரியில் அவனாகவே போன் பண்ணி, “அந்தப் பயணம் பாக்கி நிக்குதுல்ல, போவோமா?” என்றான். இந்தத் தடவை திட்டம் அவன் போட்டது. ஒரு துண்டுத் தாளில் ஆறே வரி. உங்களுக்கு நான் இப்போது சொல்லப்போவது அந்த ஆறு வரியைத்தான். அதில் என் பங்கு எதுவும் கிடையாது.

தேதியை முதலில் முடிவு செய்யவேண்டும் என்றான். பொங்கல் வாரம் கூடவே கூடாது, ஊருக்குப் போகிற சென்னை முழுக்க அந்தச் சாலையில்தான் நிற்கும். மகர விளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் வண்டிகள், கன்னியாகுமரியிலும் அறை கிடைக்காது. தைப்பூசத்துக்கு முன்னால் மேல்மருவத்தூருக்கும் பழனிக்கும் நடந்து போகிறவர்கள் விடியற்கால இருட்டில் சாலையோரமே வருவார்கள். ஆகவே தைப்பூசம் கழிந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால், வார நடுவில் ஒரு நாள்.

புறப்படும் நேரம் காலை ஐந்து. நாலு இல்லை, மூன்று இல்லை. அதற்காக முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் படுத்தாக வேண்டும். பெட்டி கட்டுவது அதற்கும் முந்தின நாள் வேலை. நாலு காரும் ஒன்று சேர்வது கிளாம்பாக்கம் தாண்டி. 2023 டிசம்பர் கடைசியில் அங்கே பஸ் நிலையம் திறந்த பிறகு, தெற்கே போகிற கூட்டம் அந்தப் பக்கம்தான், அதற்குள் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் தேட வேண்டாம். ஒன்றின் பின் ஒன்றாக ஊர்வலம் போவதும் வேண்டாம். முன்னால் போகிறவனைத் தொலைத்துவிடக்கூடாது என்கிற பதற்றத்தில்தான் பாதிப் பேர் மஞ்சள் விளக்கில் பாய்கிறார்கள். சந்திக்கிற இடம் மட்டும் பேசிக்கொண்டால் போதும். விக்கிரவாண்டியில் காலை டிபன். திருச்சிக்கு முன்னால் டீ. மதுரைக்கு வெளியே மதியச் சாப்பாடு.

ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. நாலு பேர் இருக்கிற காரில் குறைந்தது இரண்டு பேருக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் ஓட்ட இஷ்டம் இருக்க வேண்டும். என்னைப்போல ‘என் கார்’ என்று ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறவர் யாராவது இருந்தால் தயவுசெய்து ரயிலில் வந்துவிடுங்கள். எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து வந்தே பாரத் ரயில் வேறு இருக்கிறது. பின் இருக்கைக்காரர்களும் பெல்ட் போட வேண்டும். சுகர் மாத்திரைக்காரர்கள் மாத்திரையைப் பெட்டியில் வைத்து டிக்கியில் பூட்டாதீர்கள்.

இனி முக்கியமான வரி. இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எந்த வண்டியும் நகரக்கூடாது. மனிதனுடைய உடம்புக்கு ஒரு நாளில் இரண்டு மந்த வேளை உண்டு. பின்னிரவு ஒன்று, பிற்பகல் ஒன்று. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் வரும், பரோட்டா அதைக் கொஞ்சம் கூட்டிவிடும், அவ்வளவுதான். கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் ஐந்து நிமிஷத்துக்குத்தான் தாங்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். காபி கேட்கவேண்டியது படுப்பதற்கு முன்னால். குடித்து அரைமணி கழித்துத்தான் அது வேலையைக் காட்டும், அதற்குள் இருபது நிமிஷம் கண்ணயர்ந்து எழுந்துவிடலாம். நாங்கள் இரண்டு பேரும் மதுரைக்கு வெளியே ஒரு லாட்ஜில் அறை எடுத்துப் படுத்தோம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு அறை கேட்ட இரண்டு கிழவர்களை அந்தப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். பதினாறு பேராகப் போனால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நம்மில் ஒருவர் எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறார். சார்ஜ் ஏறுகிற நேரத்தில் அவர் படுத்துத்தான் ஆகவேண்டும், அந்தக் காருக்கு அவரைவிட விவேகம் அதிகம்.

மதுரையிலிருந்து நாலு மணிக்குப் புறப்பட்டால் சாத்தூர் தாண்டும்போது ஐந்தேகால். அன்றைக்கு அவன்தான் ஓட்டினான். இடது கால் சரியாக மடங்காது என்பதால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வாங்கியிருக்கிறான். அந்தப் பாலம் வந்தது. சுவரைப் புதிதாகப் பூசி வெள்ளை அடித்திருந்தார்கள். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினான். இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்:

“ஏல, அந்த நாய் என்ன கலரு?”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “நாயே இல்லடா” என்றேன்.

“தெரியும்ல. நான் முழிச்சிக்கிட்டுதான இருந்தேன்.”

“அப்ப ஏன்டா எல்லார்கிட்டயும் நாய்னு சொன்ன?”

“நீ சொல்லிட்ட. நான் வேற என்னத்தச் சொல்ல?”

வண்டியை எடுத்துவிட்டான். கோவில்பட்டியில் அரைக் கிலோ கடலைமிட்டாய் வாங்கினோம். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று கடைக்காரர் போர்டு போட்டு வைத்திருந்தார். கயத்தாறில், 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊரில், டீ குடித்துக்கொண்டு நின்றோம். ஆறரை வாக்கில் வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. கன்னியாகுமரிக்கு இன்னும் 110 கிலோமீட்டர் இருந்தது.

இதிலிருந்து உங்களுக்குப் புரிந்திருக்கும். செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது, காலையில் போட்ட தீர்மானத்தில் ஒரு திருத்தம் வேண்டும். அஸ்தமனத்தை எடுத்துவிடுங்கள். காலை ஐந்துக்குப் புறப்பட்டு, உட்காரவேண்டிய இடத்தில் உட்கார்ந்து, படுக்கவேண்டிய நேரத்தில் படுத்துப் போனால், அங்கே போய்ச் சேர ராத்திரி எட்டு, எட்டரை ஆகும். இருட்டில் ஓட்டுவது கடைசி இரண்டு மணி நேரம் மட்டும், அதுவும் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு. அஸ்தமனத்தைப் பிடித்தே தீரவேண்டும் என்றால் ராத்திரி மூன்று மணிக்குப் புறப்பட வேண்டும், அல்லது மத்தியானத் தூக்கத்தை விடவேண்டும். இரண்டில் எதை விட்டாலும் நடப்பது ஒன்றுதான், அதை நான் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக மறுநாள் காலை இருக்கிறது. பிப்ரவரியில் ஆறு நாற்பது வாக்கில் உதயம். நன்றாகத் தூங்கி எழுந்து, பல் விளக்கி, மெதுவாக நடந்து போய்ப் பார்க்கலாம். சாயங்காலமும் அங்கேயே இருக்கப்போகிறோம், அஸ்தமனத்தையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம், சூரியன் எங்கேயும் ஓடிவிடாது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்திருக்கிறார்கள். 1984இல் டூர் போனபோது நாம் பார்க்காதது. சிலையே 2000 ஜனவரி முதல் தேதிதானே திறந்தது.

சில்லறை விஷயங்கள் இரண்டு. ஃபாஸ்டாகில் முன்கூட்டியே பணம் போட்டு வையுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033க்குப் போன் பண்ணலாம், அடிபட்டால் 108, அந்த எண்ணைக் கூப்பிட்டவன் சொல்கிறேன், வருகிறார்கள்.

இதையெல்லாம் பேச ஒப்புக்கொண்டபோது கடிகாரம் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். “நாய்க் கதைய மொதல்ல முடிச்சிட்டு மத்ததப் பேசு, இல்லன்னா இந்தப் பதினாறு பேர்ல ஒருத்தன் கண்ணு சொருகறப்போ ‘இல்லல’ன்னுதான் சொல்லுவான்” என்றான். முடித்துவிட்டேன். அவன் மனைவியும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் போன வாரமே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார்கள். அந்தக் காபியைக் குடித்து முடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

வரவிரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பெயர் கொடுத்துவிடுங்கள். கூடவே, யார் யார் ஓட்டுவார்கள் என்றும் எழுதுங்கள். மதுரையில் இரண்டு மணிக்கு நாலு கார்ச் சாவியும் ஒருவன் கைக்குப் போய்விடும். நாலு மணிக்கு அவனே தருவான், ஒரு நிமிஷம் முன்னால் கேட்டாலும் தரமாட்டான். கடிகாரம், கொஞ்சம் எழுந்து நில்லு, புதுசா வந்தவங்க பார்க்கட்டும். வேண்டாம் வேண்டாம், உட்கார்ந்தபடியே கையைத் தூக்கு.